ஒட்டுப்பால்

எங்கள் குலசேகரத்தில்
காய்ச்சலுக்குப் பனி என்றுதான் பேர்.
ஆனி மழையோடு வந்த பனி
முதலில் தொண்டையில் ஒரு மீன்முள்ளாய் இருந்தது,
பிறகு குறுக்கில் இறங்கியது,
மூன்றாம் நாள் தலையணையை நனைத்துவிட்டு
நூற்றிரண்டில் நின்றது.

அபியாவுக்கு நாலு மாதம்.
மழையும் தெரியாது, பனியும் தெரியாது.
இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை
நான் இருக்கிறேன் என்பது மட்டும் தெரியும்.

பக்கத்து வீட்டு கனகபாய்
குடையை மடக்காமல் நடையிலேயே நின்றாள்.
"பாலை நிறுத்து மோளே,
உனக்க சூடெல்லாம் பிள்ளைக்கு இறங்கிரும்.
டப்பாப்பால் வாங்கச் சொல்லு."
நான் பதில் சொல்ல வாய் திறந்தேன்,
இருமல் முந்திக்கொண்டது.

றசல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.
ஷெர்லின் சிஸ்டர் என் மூச்சைக் கேட்டாள்,
படி ஏறினால் இளைக்குதா என்று கேட்டாள்,
பிள்ளை நேற்றைக்கு எத்தனை தடவை
மூத்திரம் பெய்தாள் என்று கேட்டாள்.
"ஏழு" என்றார். கொஞ்சம் யோசித்து,
"எட்டாவது எனக்க சட்டையில."
"அப்போ பால் காணும். பாராசிட்டமால் கொடுங்க.
மூக்கடைப்புக்குக் கடையில கேட்டு ஒண்ணும் வாங்காதீங்க,
சில மாத்திரை பாலை வற்ற வச்சிரும்.
கையைக் கழுவட்டும், மாஸ்க் போடட்டும்,
பாலைக் கொடுக்கட்டும்.
சீக்கு காற்றுலதான் பரவும், பாலுல இல்ல.
சீக்கை எதிர்க்கிற சாமானும்
அந்தப் பாலுலதான் இருக்கு."

சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன்.
மாஸ்கை மாட்டினேன்.
அபியா என் பாதி முகத்தை
கடன் கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
கண்ணாலேயே சிரித்துக் காட்டினேன், நம்பவில்லை.
உதடு பிதுங்கியது.
பிறகு மூக்கு, என் பக்கம் கேட்காமலே,
தன் வேலையைப் பார்த்தது.
கன்னம் திரும்பியது. கவ்வினாள்.

மழைக்குப் பால்வெட்டு இல்லை.
முந்நூறு மரங்களும் லீவில் நிற்க
றசல் வீட்டில் கஞ்சி வைத்தார்,
பயறை அடிப்பிடிக்க விட்டார்,
நல்லமிளகு ஏறிய காப்பியை
ஆற்றி ஆற்றித் தந்தார்.
ராத்திரி ரெண்டு மணிக்கு,
வெட்டுக்குப் போகிற அதே நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டு
பிள்ளையை என்னிடம் கொண்டுவருவார்.
குடித்து முடித்ததும் வாங்கிக்கொண்டு
அடுத்த அறைக்குப் போய்விடுவார்.
சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஏப்பம் விடுவது கேட்கும்.
அதைக் கேட்டுத்தான் தூங்குவேன்.

நாலாம் நாள் பால் குறைந்ததுபோல் இருந்தது.
பயந்து ஒரு செம்பு தண்ணீரைக் குடித்தேன்,
அடுத்த தடவைக்கு இன்னொரு செம்பு.
பயமும் தாகம் மாதிரிதான்,
நெஞ்சு வரைக்கும் வந்து நிற்கிறது.

ஐந்தாம் நாள் அபியா தும்மினாள்.
ஒரு தும்மல்.
வீடே நின்றுவிட்டது.
நெற்றியில் புறங்கையை வைத்தார் றசல்,
நெஞ்சு குழிகிறதா என்று
சட்டையை விலக்கிப் பார்த்தார்.
அவள் அவருடைய மீசையைப் பிடித்து இழுத்தாள்.
வேறு ஒன்றும் வரவில்லை.

பனி போனது. மூக்கு திரும்பவில்லை.
அதை யாரிடமும் சொல்லவில்லை.
பிள்ளையின் உச்சந்தலையில்
மூக்கை வைத்து இழுத்தேன், வெறும் காற்று.
கழுத்து மடிப்பில் பால் புளிக்கும் இடத்தில்
வைத்துப் பார்த்தேன், வெறும் காற்று.
யாரோ பிள்ளையை மாற்றிக் கொடுத்ததுபோல்
மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.
அவளுக்கு என் வாசனை இருந்தது,
எனக்கு அவளுடையது இல்லை.

பதினோராம் நாள் வெயில் அடித்தது.
புகைப்புரைக்குப் பின்னால்
சாக்கில் கட்டிப் போட்ட ஒட்டுப்பால் மழையில் ஊறி,
நாகர்கோவிலில் இருந்து வருகிற சொந்தக்காரர்கள்
மூக்கைப் பொத்திக்கொண்டு காபியை வேண்டாம் என்பார்களே,
செத்த எலியும் அழுகிய முட்டையும் சேர்ந்த
அந்த நாற்றம்,
ஜன்னல் வழியாக வந்து முகத்தில் அறைந்தது.

"றசல்" என்று கத்தினேன்.
கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் ஓடிவந்தார்.
"நாறுது" என்றேன்.
"சாக்கை இன்னைக்கே கொண்டு போட்டுருதேன்."
"வேண்டாம்" என்றேன்,
"இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும்."

அபியாவை எடுத்து
உச்சந்தலையில் மூக்கை வைத்தேன்.